சுவோனில் பனி, குளுவாங்கில் அடைமழை: குளிர் விடும்போதுதான் கவனம் வேண்டுமா?

லயத்துத் தேவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் மகன் தென்கொரியாவில் சுவோன் நகரத்தில் படிக்கிறான். அவனுக்கு இது முதல் குளிர்காலம். நேற்று ராத்திரி லேசாகப் பனி பெய்ததாம். சைக்கிள் சீட்டின் மேல் ஒரு விரல் கனத்துக்கு வெள்ளையாகப் படிந்திருக்கும் படத்தை அனுப்பினான். இன்று காலை அங்கே மைனஸ் 11. ஆனால் வியாழனிலிருந்து காற்று மாறிவிடும், பகலில் 6 டிகிரி வரைக்கும் ஏறும் என்று செய்தியில் சொல்கிறார்களாம். "ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டா போதும்மா, அப்புறம் ஒண்ணும் இல்ல" என்கிறான். இன்று ராத்திரியே நண்பர்களோடு பூசான் கிளம்புகிறான். போகும்போது அறையில் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போனால் பில் மிச்சமாகும் என்று ஒரு திட்டம் வேறு.

இங்கே மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து நம் குளுவாங்கில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மழை விடவே இல்லை. மத்தியானத்திலும் மின்விசிறி போடவில்லை. மாமியார் பகலிலேயே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அங்கே பனியும் இங்கே மழையும் ஒரே நேரத்தில் வருவது தற்செயலா? பையனிடம் என்ன சொல்லி அனுப்புவது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வாடைக்காற்று எழுதியது:

தேவிக்கா, தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே காற்றின் வேலை.

குளிர்காலத்தில் சைபீரியா, மங்கோலியா பக்கம் வெயில் குறைவு, இரவு நீளம், தரையில் பனி. அங்கே காற்று குளிர்ந்து, கனத்து, மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கும். சைபீரிய உயரழுத்தம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அது அவ்வப்போது நிரம்பி வழிகிறது. வழியும்போது ஒரு பங்கு கொரியா, ஜப்பான் பக்கம் போகிறது. இன்னொரு பங்கு சீனாவைத் தாண்டித் தென்சீனக் கடலில் இறங்கி நம் பக்கம் வருகிறது. நம் வானிலைத் துறை மெட்மலேசியா 'லுருவான் மொன்சூன்' (பருவக்காற்றின் திடீர்ப் பாய்ச்சல்) என்று எச்சரிக்கை விடுவது இந்த இரண்டாவது பங்குக்குத்தான்.

புறப்படும்போது அந்தக் காற்றில் ஈரம் இல்லை. அதற்கு ஈரம் கொடுப்பது வழியில் உள்ள கடல்தான். கொரியாவுக்குப் போவது மஞ்சள் கடலைக் கடக்கிறது. கடல் நீர் காற்றைவிடச் சூடாக இருப்பதால் ஆவி ஏறி, மேகமாகி, எதிர்க்கரையில் பனியாகக் கொட்டுகிறது. அதனால்தான் தென்மேற்குக் கரையிலும் ஜேஜு தீவிலும் பனி அதிகம். சியோல், சுவோன் பக்கம் பெரும்பாலும் காய்ந்த குளிர். உங்கள் மகன் பார்த்த மாதிரி லேசாகத் தூவிவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கம்.

நமக்கு வரும் காற்றின் பாதை இன்னும் நீளம். தென்சீனக் கடல் முழுவதையும் தாண்டி வருகிறது. காற்று 1 டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். சீனக் கரையை விட்டபோது 10, 12 டிகிரியில் இருந்த காற்று நம் கரைக்கு வரும்போது 25 டிகிரி. அதற்குள் எவ்வளவு தண்ணீரை அள்ளியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதைத்தான் கிழக்குக் கரையில் கோத்தாபாருவிலும் குவாந்தானிலும் மெர்சிங்கிலும் நம் தலையிலும் இறக்குகிறது.

2016 ஜனவரி 24-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சியோலில் மைனஸ் 18. ஜேஜு விமான நிலையம் பனியால் மூடிக் கிடந்தது. ஹாங்காங்கில் 3.1 டிகிரி, 1957-க்குப் பிறகு அங்கே அவ்வளவு குளிர்ந்ததில்லை. ஜப்பானின் தென்கோடியில் ஒக்கினாவாவில்கூட வானத்திலிருந்து பனி விழுந்தது. எல்லாம் ஒரே குளிர்காற்று.

செம்பனை வீட்டுப்பிள்ளை எழுதியது:

அப்படியென்றால் அண்ணே, அந்தக் காற்று இன்னும் பலமாக வந்தால் ஒரு நாள் இங்கேயும் பனி பெய்யுமா? கேமரன் மலையில் பனி கொட்டுவதாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. எங்கள் தாமான் (குடியிருப்பு) குழுவில் எல்லாரும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

வாடைக்காற்று எழுதியது:

பெய்யாது தம்பி. நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி பதிவான 7.8 டிகிரிதான். அதற்கும் உறைநிலைக்கும் ரொம்ப தூரம். சபாவில் கினபாலு உச்சி 4,095 மீட்டர், அங்கே மட்டும் சில வருஷங்களில் பாறை மேல் பனிக்கட்டி படியும். மற்றபடி நம் ஊரில் வெள்ளையாக விழுவது ஆலங்கட்டி. அது குளிரால் வருவதில்லை, வெயில் கொளுத்திய சாயங்காலத்தில் இடிமழையோடு வருவது. உங்கள் குழுவில் அனுப்புகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

காற்று பலமாக வந்தால் இங்கே வேறு விதமாகக் காட்டும். 2001 டிசம்பர் 27-இல் வாமே சூறாவளி ஜொகூர் தென்கிழக்குக் கரையில் ஏறியது நினைவிருக்கிறதா? நிலநடுக்கோட்டுக்கு 1.4 டிகிரி வடக்கில் உருவான சூறாவளி அது. அவ்வளவு பக்கத்தில் சூறாவளி சுழல்வதற்கு வழியே இல்லை என்று நினைத்திருந்தார்கள். வடக்கிலிருந்து விடாமல் இறங்கிய குளிர்காற்றும் போர்னியோ பக்கம் இருந்த சுழலும் சேர்ந்துதான் அதைச் சுழல வைத்தன.

கிழக்கு நோக்கி எழுதியது:

தேவிக்கா, நான் கொரியாவில் தேஜோன் நகரத்தில் படித்துவிட்டு வந்தவன். காற்றின் கதையை அண்ணன் சொல்லிவிட்டார், நான் பையன் விஷயத்துக்கு வருகிறேன். "ரெண்டு நாள் பல்லைக் கடிச்சா போதும்" என்கிறானே, அதைக் கேட்டதும்தான் எழுத உட்கார்ந்தேன். கொரியாவில் குளிர் இறங்கும்போது எல்லாரும் உஷாராக இருப்பார்கள். கைப்பேசியில் எச்சரிக்கை அலறும், கனத்த கோட்டு போடுவார்கள், மெதுவாக நடப்பார்கள். குளிர் விட்டதும் எல்லாம் தளர்ந்துவிடும். என் கண் முன்னால் விழுந்து கையை உடைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் வெயில் வந்த பிறகு விழுந்தவர்கள்தான்.

அங்கே பெரியவர்கள் 'சம்ஹான் சாவோன்' என்பார்கள். மூன்று நாள் குளிர், நாலு நாள் இளஞ்சூடு. குளிர்காற்று இறங்கி முடிந்ததும் அந்த உயரழுத்தம் பிய்ந்து கிழக்கே நகரும், காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கும், வானம் வெளுக்கும். பகலில் கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் பனி உருகிச் சொட்டும். ராத்திரி மறுபடி மைனஸுக்குப் போகும். பகலில் உருகிய தண்ணீர் தார்ச்சாலையில் மெல்லிய கண்ணாடியாக உறையும். கறுப்புச் சாலையில் அது கண்ணுக்குத் தெரியாது. வெயில் படாத சந்து, பாலம், சுரங்க ரயில் நிலையத்தின் வாசல் படிக்கட்டு, இந்த மூன்று இடத்திலும் காலையில் கை இரண்டையும் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்து, சின்னச் சின்ன அடியாக வைத்து நடக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பாய்லர். அங்கே சூடு வருவது தரைக்கு அடியிலிருந்து. வெந்நீர்க் குழாய்கள் தரைக்குள் வளைந்து வளைந்து ஓடும். பாய்லரை முழுதாக அணைத்தால் அந்தத் தண்ணீர் நின்றுவிடும், குழாய் உறையும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது 9 சதவீதம் பெருக்கும், குழாயோ மூட்டோ விரிசல் விடும். ஆனால் அன்றைக்கு ஒரு சொட்டுகூட ஒழுகாது, பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும். பூசானில் சுற்றிக்கொண்டிருக்கும்போது சுவோனில் வெயில் வந்து கட்டி உருகினால் அறை முழுக்கத் தண்ணீர். கீழ் வீட்டுக் கூரையும் நனையும், அந்தச் செலவு இவன் தலையில் விழும்.

அதனால் அணைக்க வேண்டாம். 'வெளியே போகிறேன்' என்று ஒரு பொத்தான் இருக்கும், கடும் குளிரில் அதை மட்டும் நம்பவும் வேண்டாம். அறை 15 டிகிரிக்குக் கீழே போகாதபடி வைத்துவிட்டுப் போகட்டும். சமையலறைக் குழாயை நூல் மாதிரி ஒழுக விடணும். அப்போது கைப்பிடி குளிர்நீர்ப் பக்கம் இருந்தால் வெந்நீர்க் குழாய் உறைந்துவிடும், வெந்நீர்ப் பக்கம் சாய்த்து வைக்கணும். தண்ணீர் மீட்டர் பெட்டி வெளியே இருந்தால் அதற்குள் பழைய துணியைத் திணித்து மூடணும். ஏற்கெனவே உறைந்திருந்தால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றவே கூடாது, வெடித்துவிடும். ஹேர் டிரையர், இல்லாவிட்டால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டு.

இன்னொன்று, கையில் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலம். அதைத் தோலோடு ஒட்டி வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. சூடு குறைவாக இருந்தாலும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் தோல் வெந்துவிடும். தூங்கும்போது தெரியாது, காலையில் கொப்புளத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

வெயில் வந்த நாளில் முகக்கவசமும் எடுத்துக்கொள்ளட்டும். குளிர்காற்று அடிக்கும்போது வானம் சுத்தமாக இருக்கும். காற்று நின்று சூடு ஏறினால் தூசு அப்படியே தேங்கும். இப்போதெல்லாம் "மூன்று நாள் குளிர், நாலு நாள் நுண்தூசு" என்றே அங்கே பேசிக்கொள்கிறார்கள்.

வாடைக்காற்று எழுதியது:

நல்ல பதிவு தம்பி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மூன்று நாள், நாலு நாள் என்பதைக் கடிகாரம் மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. சில வருஷம் குளிர் ஒரு வாரம் பத்து நாள் என்று உட்கார்ந்துவிடும். கொரிய வானிலைத் துறை குளிரலை அறிவிப்பு விடும் விதத்தைப் பாருங்கள். காலை வெப்பநிலை முந்தைய நாளைவிட 10 டிகிரியோ அதற்கு மேலோ சரிந்து, 3 டிகிரியோ அதற்குக் கீழோ வந்து, அது வழக்கத்தைவிட 3 டிகிரி குறைவாகவும் இருந்தால் அறிவிப்பு வரும். மைனஸ் 12-க்குக் கீழே இரண்டு நாள் நீடிக்கும் என்றாலும் வரும். ஆக எவ்வளவு குளிர் என்பது மட்டும் அவர்களுக்குக் கணக்கில்லை, எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதும் கணக்கு. உடம்புக்கும் குழாய்க்கும் அந்தச் சரிவிலும் அடி விழும்.

லயத்துத் தேவி எழுதியது:

ரொம்ப நன்றி. கிழக்கு நோக்கி தம்பி எழுதியதை அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். பாய்லரை அணைக்காமல் 17-இல் வைத்திருக்கிறான். மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஏற்கெனவே யாரோ பழைய ஸ்வெட்டர் திணித்திருக்கிறார்களாம். வீட்டுக்கார அம்மாவின் வேலையாக இருக்கும், அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

கோத்தா திங்கி மருமகள் எழுதியது:

குளிர் விட்டதும் தளர்ந்துவிடுவார்கள் என்று தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு நம் ஊர் வெள்ளம்தான் கண் முன்னால் வந்தது. 2006 டிசம்பரில் ஜொகூரில் வெள்ளம், சிகாமட், கோத்தா திங்கி எல்லாம் முழுகியது. தண்ணீர் வடிந்தது, வெயிலும் வந்தது. சேற்றை வாரிக் கொட்டி, மெத்தையைக் காயவைத்து, கடனுக்குப் புதுக் குளிர்பெட்டி வாங்கி வைத்தோம். 2007 ஜனவரியில் இரண்டாவது தடவை வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நிவாரண மையத்துக்குப் போக வேண்டியதாயிற்று. முதல் வெள்ளத்தில் உயரத்தில் ஏற்றி வைத்துத் தப்பித்த பொருளையெல்லாம் இரண்டாவது வெள்ளத்தில் தரையிலிருந்தே தண்ணீர் கொண்டுபோனது. வெயில் வந்துவிட்டது, இனி வராது என்று எல்லாரும் இறக்கி வைத்துவிட்டிருந்தார்கள்.

அதனால் என் வீட்டில் சீனப் பெருநாள் தாண்டும்வரை முக்கியமான பத்திரங்கள் பிளாஸ்டிக் பையில், அலமாரியின் மேல் தட்டில்தான். மழை விட்டாலும் கீழே இறக்க மாட்டேன்.

செம்பனை வீட்டுப்பிள்ளை எழுதியது:

எங்கள் அம்மாவும் அப்படித்தான் அக்கா, பிறந்த பத்திரம் எல்லாம் மைலோ டின்னுக்குள் இருக்கிறது.

பால்மரம் எழுதியது:

பிள்ளைகள் கொரியாவரை போய்விட்டீர்கள். நான் தீம்பாருக்கு, நம் ரப்பர்க் காட்டுக்கு வருகிறேன். நாற்பது வயதுவரை ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன், அப்புறம் வெட்டுக்காரர்களை மேற்பார்க்கும் மண்டோர். இப்போது மகனின் சின்ன ரப்பர்த் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் குளிர்ந்த காற்று மழை இல்லாமல் வந்தால் வெட்டுக்காரனுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. விடியற்காலை குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நின்று நிதானமாக வடியும், வெயில் ஏறினால் சீக்கிரம் கட்டிவிடும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் நமக்கு மழை இல்லாத குளிர் எங்கே வருகிறது? ஈரப் பட்டையில் உளியை வைத்தால் பால் வெட்டிய கோட்டோடு இறங்காது. கோட்டைத் தாண்டிப் பட்டை மேல் பரவி, மழைத் தண்ணீரோடு கலந்து, வெளுத்த கோடு கோடாக வேர்வரைக்கும் ஓடும். பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் கிடப்பது பாதிக்கு மேல் தண்ணீர். அதனால் மழை நாளில் வெட்டுவதில்லை. பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரத்தில் தூறலுக்கு வெட்டலாம், அடைமழைக்கு அதுவும் உதவாது.

மழை விட்ட அன்றுதான் அவசரம் வரும். இத்தனை நாள் வருமானம் போச்சே என்று விடிந்ததும் உளியை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். நான் மண்டோராக இருந்தபோது ஒரு குத்தகைக்காரரோடு இதற்காகவே மல்லுக்கு நின்றேன். மழை நாளுக்குச் சம்பளமும் தரமாட்டார், விட்ட நாளில் இரண்டு பங்கு மரத்தை வெட்டு என்பார். ஈரம் காயாத பட்டையில் வெட்டினால் கறுப்புக் கோட்டு நோய் பிடிக்கும். வெட்டிய கோட்டுக்குச் சற்று மேலே பட்டை லேசாக அமுங்கியிருக்கும். சுரண்டிப் பார்த்தால் உள்ளே கறுப்புக் கறுப்பாகச் செங்குத்துக் கோடுகள். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் ரக மரங்களுக்குச் சீக்கிரம் பிடிக்கும். பிடித்துவிட்டால் அந்தப் பட்டை சரியாக வளராது, மறுபடி அந்தப் பக்கம் வெட்டப் போகும்போது முண்டும் முடிச்சுமாக இருக்கும். ஒரு வாரப் பணத்துக்காக ஏழெட்டு வருஷப் பட்டையைக் கெடுக்கிற வேலை.

கிழக்கு நோக்கி எழுதியது:

ஐயா, பிப்ரவரியில் இலை கொட்டுமே, அதற்கும் இந்தக் காற்றுக்கும் சம்பந்தம் உண்டா?

பால்மரம் எழுதியது:

உண்டு தம்பி. மழை ஓய்ந்ததும் அதே வடகிழக்குக் காற்று காய்ந்து வீசும். மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பால் குறையும், பல இடங்களில் வெட்டையே நிறுத்துவார்கள். அப்புறம் செம்பு நிறத்தில் கொழுந்து வரும். அந்தக் கொழுந்து வரும் நாட்களில் பகல் நல்ல வெயிலும் ராத்திரி குளிர்ந்த மூடுபனியுமாக இருந்தால் வெள்ளைச் சாம்பல் நோய் வந்து உட்காரும். இலைக்கடியில் மாவு தூவியதுபோல் தெரியும், கொழுந்து சுருங்கித் தரையெல்லாம் விழுந்து கிடக்கும். மரம் இரண்டாம் தடவை தழைக்க வேண்டியிருக்கும், அதற்குள் சக்தி போய்விடும். அந்தக் காலத்துத் தோட்டங்களில் விடியுமுன், இலையில் பனித்துளி இருக்கும்போதே கந்தகத் தூள் அடிப்பார்கள். சின்னத் தோட்டக்காரர்களால் அது முடியாது. பருவத்தில் நல்ல உரம் போட்டு மரத்தைத் தெம்பாக வைத்திருப்பதுதான் நம்மால் முடிந்தது.

மழைக்கால உதவித்தொகைக்கு ரிஸ்டாவில் (சிறு ரப்பர்த் தோட்டக்காரர்களுக்கான அரசு அமைப்பு) பதியாதவர்கள் இருந்தால் போய்க் கேளுங்கள். தெரியாமலே விட்டுவிட்டவர்கள் நம் ஆட்களில் நிறைய.

கோத்தா திங்கி மருமகள் எழுதியது:

ஐயா, மங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் பக்கம் மழை விட்டு இரண்டு வாரத்தில் டெங்கி வந்தது. சுகாதாரத் துறை ஆட்கள் வந்து பார்த்தபோது வீட்டைச் சுற்றி ஒன்றும் இல்லை. பின்னால் ஆள் இல்லாத ரப்பர்க் காட்டில்தான் மங்குக்கு மங்கு புழு.

பால்மரம் எழுதியது:

சரியாகக் கேட்டாய் அம்மா. கொசு முட்டை மழையில் அழியாது, காய்ந்த மங்கின் ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டால் பொரிக்கும், வெயில் நாட்களில் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். வெட்டு நிற்கிற நாளில் மங்கைக் கம்பியிலேயே கவிழ்த்து வைக்கணும். முன்பெல்லாம் கவிழ்க்காத மங்கைப் பார்த்தால் மண்டோர் பெயர் எழுதிக்கொள்வார். இப்போது பாதி மரத்துக்கு ஆளே இல்லை, யாரைக் கேட்பது?

நாளை மறுநாள் மழை விடும் என்கிறார்கள். ரப்பர் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யுங்கள். முதல் நாள் உளியை எடுக்காமல் வெறுமனே ஒரு சுற்று நடங்கள். மங்கைக் கொட்டிக் கழுவி, வெட்டாத மரத்தில் கவிழ்த்துவிடுங்கள். கோட்டுக்கு மேலே பட்டையை விரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் சுண்ணாம்பால் அடையாளம் போட்டு அந்த மரத்தைத் தனியாக விட்டுவிட்டுப் பூஞ்சைக்கொல்லி பூசுங்கள். பட்டை உள்ளங்கைக்கு ஈரம் ஒட்டாமல் காய்ந்த பிறகு மற்ற மரத்தில் வெட்டு போடலாம். குளுவாங் பக்கம் யாருக்காவது பட்டையைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றால் இங்கேயே எழுதுங்கள், சாயங்காலத்தில் வந்து பார்க்கிறேன்.

செம்பனை வீட்டுப்பிள்ளை எழுதியது:

ஐயா, என் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது, கறுப்புக் கோடு மாதிரித்தான் தெரிகிறது. சனிக்கிழமை நானே வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மங்கு கவிழ்க்க எங்கள் தாமான் பையன்கள் நாலைந்து பேரையும் அழைத்து வருகிறேன்.